பட்டப்படிப்பு ஆய்வை வளாகத்தார் முன் வைப்பது எப்படி: முடிவு வாக்கியம் முதல் போஸ்டரைக் கழற்றுவது வரை

திட்டப்பணியை வைவாவில் தேர்வாளர் முன் விளக்குவது ஒரு வேலை. அதே பணியைப் போஸ்டராக நிறுத்தி, கல்லூரி வளாகத்தில் நடமாடும் அனைவருக்கும் விளக்குவது வேறொரு வேலை. தேர்வாளருக்கு உங்கள் பாடம் தெரியும். உங்கள் பேச்சு முடியும்வரை அவர் இருக்கையில் இருந்தாக வேண்டும். வளாகக் கண்காட்சியில் வருபவர் வேறு துறைப் பேராசிரியராகவோ, முதலாண்டு மாணவராகவோ, நூலக ஊழியராகவோ இருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த போஸ்டருக்குப் போய்விடுவார்.

இத்தகைய கண்காட்சிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பைப் பல ஆண்டுகள் வகித்ததில் நான் கண்டது இதுதான்: மாணவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆய்வின் தரம் அல்ல, வேலைகளைச் செய்த வரிசை. முதல் நாளே இணையத்தில் ஒரு டெம்ப்ளேட்டை இறக்கி, ஆய்வறிக்கையிலிருந்து பத்திகளை வெட்டி ஒட்டி, அச்சிட்டு வந்த பிறகுதான் பலர் என்ன பேசுவது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். கீழே உள்ள வரிசை இதற்கு நேர்மாறானது. முடிவு வாக்கியம் முதலில், பிறகு படம், பிறகு பேச்சு, அதற்குப் பின்பே போஸ்டர்.

விளக்கத்துக்காக ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை எடுத்துச் செல்கிறேன். மூன்று மாணவர்கள் தம் விடுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பின் அளவை ஓராண்டு அளந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களின் அளவீடுகளாக நான் தரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

1. மூன்று வாரங்களுக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

முதலில் தரவை ஒரு தேதியோடு நிறுத்துங்கள். கண்காட்சி வரை அளந்துகொண்டே இருந்தால், சுருக்கத்தில் 38 மாதிரிகள், போஸ்டரில் 42, பேச்சில் 'ஏறத்தாழ 40' என்று மூன்று கணக்குகள் வந்துவிடும். கேட்பவர் இதைக் கவனித்துவிட்டால் மற்ற எண்களையும் நம்ப மாட்டார். நிறுத்திய தேதிக்குப் பின் அளந்தவை அடுத்த கட்ட ஆய்வுக்குப் போகட்டும்.

அடுத்து, ஒப்புதல்கள். வழிகாட்டிப் பேராசிரியரின் ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும். மனிதர்களிடம் கருத்துக் கேட்டோ நேர்காணல் எடுத்தோ செய்த ஆய்வென்றால், தரவு திரட்டும் முன்பே கல்லூரியின் அறநெறிக் குழுவிடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும். கண்காட்சிக்காக முன்தேதியிட்டு வாங்குவது சரியாகாது.

வளாகத்தில் காட்டும் ஆய்வுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கு உண்டு. உங்களுக்குப் பதில் சொன்னவர்களே போஸ்டரின் முன் வந்து நிற்பார்கள். 'மூன்றாமாண்டு மின்னியல் துறை மாணவி, நீலகிரி மாவட்டம்' என்று எழுதினால், பெயர் இல்லாவிட்டாலும் அது யார் என்பது அந்த வகுப்புக்கே தெரிந்துவிடும். ஆண்டு, துறை, ஊர் மூன்றையும் சேர்த்துத் தராதீர்கள். மேற்கோள்களை இந்தக் கண்ணோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

ஆய்வு முடிவு கல்லூரியின் நிர்வாகத்தைத் தொடுவதாக இருந்தால், சம்பந்தப்பட்டவருக்கு முன்கூட்டியே காட்டுங்கள். விடுதி நீர் பற்றிய வரைபடத்தை விடுதிக் காப்பாளர் கூட்டத்தின் நடுவே முதன்முறையாகப் பார்ப்பது அவருக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. முடிவை மாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கிணற்றை எப்போது ஆழப்படுத்தினார்கள், எந்த மாதம் லாரித் தண்ணீர் கலந்தார்கள் என்ற தகவல் அவரிடம்தான் இருக்கும். அது உங்கள் விளக்கத்தையே திருத்தக்கூடும்.

கடைசியாக, பெயர்ப்பட்டியல். யார் பெயர் முதலில், யாருக்கு நன்றி, எந்த நிதி என்பதைக் குழுவாகப் பேசி எழுதி வைத்துவிடுங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டப்பணி உதவி கிடைத்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும். அச்சுக்குப் போன பிறகு பெயர் வரிசை குறித்து எழும் மனத்தாங்கல் நட்பையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது.

2. முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'விடுதி நீரின் தரம் குறித்த ஓர் ஆய்வு' என்பது தலைப்பு, முடிவு அல்ல. 'எங்கள் விடுதியின் 3 கிணறுகளில் இரண்டில் கரைந்த உப்பு வடகிழக்குப் பருவமழைக்குப் பின் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியது; மூன்றாவதில் ஆண்டு முழுவதும் இறங்கவே இல்லை' என்பது முடிவு. எங்கே, என்ன, எவ்வளவு, எப்போது என்பவை அனைத்தும் அதற்குள் இருக்கின்றன.

இந்த ஒரு வாக்கியத்துக்கு இரண்டு நாள் செலவானாலும் வீணில்லை. போஸ்டரின் தலைப்பு, பேச்சின் முதல் வரி, படத்தின் தேர்வு மூன்றும் இதிலிருந்தே பிறக்கின்றன. வாக்கியம் மங்கலாக இருந்தால் மூன்றும் மங்கலாகும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. வணிகவியலோ வரலாறோ படிக்கும் நண்பரிடம் கேன்டீனில் அந்த வாக்கியத்தை ஒருமுறை சொல்லுங்கள். மறுநாள் அவரையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் வாயில் எது வருகிறதோ அதுதான் பார்வையாளர் வீட்டுக்கு எடுத்துப்போகப் போவது. விடுபட்டது எது, திரிந்தது எது என்று பார்த்து வாக்கியத்தைத் திருத்துங்கள்.

எதிர்பார்த்தது கிடைக்காத ஆய்வுக்கும் முடிவு வாக்கியம் உண்டு. 'இரு மாதிரிகளுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை' என்று நேராக எழுதுங்கள். அதை மறைக்க முயலும் மாணவர்களே முதல் கேள்வியில் திணறுகிறார்கள். தமிழ், வரலாறு போன்ற துறைகளுக்கும் இதே முறைதான். ஊர்ப்பெயர்களைத் தொகுத்தவர் 'ஊர்ப்பெயர் ஆய்வு' என்று நிறுத்தாமல், தொகுத்த பெயர்களில் நீர்நிலையைக் குறிக்கும் ஈறுகள் எங்கே செறிந்திருக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும்.

3. ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆய்வறிக்கையில் பன்னிரண்டு வரைபடங்கள் இருக்கலாம். முடிவு வாக்கியத்தை நிறுவுவது எது என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றுதான் தேறும். அது போஸ்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பிடிக்கட்டும். மற்றவற்றில் இரண்டைச் சிறிதாக வைக்கலாம்; எஞ்சியவை ஒரு கோப்பில் உங்கள் கையில் இருக்கட்டும்.

படத்துக்கு ஓர் ஒப்பீட்டுக் கோடு தேவை. மாதவாரியாக உப்பின் அளவை மட்டும் வரைந்தால், 620 என்பது அதிகமா குறைவா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500:2012 ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. இந்த இரண்டு கோடுகளையும் வரைந்துவிட்டால் படம் தானே பேசும். ஒன்றை மட்டும் வரைந்து மற்றதை விடுவது நேர்மையாகாது. 500 கோடு மட்டும் இருந்தால் தண்ணீர் நஞ்சு என்ற எண்ணத்தையும், 2,000 மட்டும் இருந்தால் கவலையே வேண்டாம் என்ற எண்ணத்தையும் அது உண்டாக்கும்.

பட்டை வரைபடத்தின் அச்சு சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். இல்லையெனில் சிறிய வேறுபாடு மலைபோலத் தெரியும். முப்பரிமாணப் பட்டைகள் வேண்டாம், உயரத்தைச் சரியாகப் படிக்க முடியாது. சிவப்பையும் பச்சையையும் மட்டுமே நம்பி வேறுபடுத்தாதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய இயலாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். பிழைக்கோடுகள் (எரர் பார்) போட்டிருந்தால் அவை திட்ட விலக்கமா (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்), திட்டப் பிழையா (ஸ்டாண்டர்ட் எரர்) என்று படத்தின் அடியிலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் புள்ளியியல் துறையிலிருந்து வரும் ஒருவர் முதலில் கேட்பது அதைத்தான்.

4. பேச்சை முதலில் எழுதுங்கள், போஸ்டரைப் பிறகு

இரண்டு நிமிடப் பேச்சை முதலில் தயாரியுங்கள். அதைச் சுருக்கி அரை நிமிடத்துக்கு ஒன்று, விரித்து ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. நடந்துகொண்டே கேட்பவருக்கு அரை நிமிடப் பேச்சு, நின்று கேட்பவருக்கு இரண்டு நிமிடப் பேச்சு, நடுவருக்கு ஐந்து நிமிடப் பேச்சு.

பேச்சைப் போஸ்டருக்கு முன்பே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பேசும்போது கையால் எதைச் சுட்டிக் காட்டுகிறீர்களோ அது மட்டுமே போஸ்டரில் இருக்க வேண்டும். பேச்சு தயாரானால் அது எது என்பது தெரிந்துவிடும். மாற்றிச் செய்தால், போஸ்டரில் இருப்பதையெல்லாம் வாசித்துக் காட்ட வேண்டிய நிலை வரும்.

வைவாவுக்கு முன்னுரை, நோக்கம், முறை, முடிவு என்ற வரிசை பொருந்தும். இங்கே முடிவைச் சொல்லித் தொடங்குங்கள். 'எங்கள் விடுதிக் கிணறுகளில் ஒன்று மட்டும் மழைக்குப் பின்னும் மாறவில்லை' என்று சொன்னால் 'ஏன்?' என்று கேட்கத் தோன்றும். முறையை விளக்குவதற்கான இடம் அந்தக் கேள்விதான்.

பேச்சைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரியுங்கள். நடுவர் ஆங்கிலத்தில் கேட்கலாம். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் தமிழில் கேட்பார், அவருடைய கேள்விதான் பல சமயம் கூர்மையாக இருக்கும். ஆங்கிலத்திலேயே படித்து எழுதிய மாணவர்கள் தமிழில் சொல்ல நேரும்போது நடுவாக்கியத்தில் நின்றுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். பத்துக் கலைச்சொற்களுக்கு முன்கூட்டியே தமிழ் விளக்கம் எழுதி வைத்தால் போதும். டிடிஎஸ் என்பதைத் 'தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு' என்று சொல்லலாம்.

எளிமைப்படுத்தும்போது பொருள் பிசகக் கூடாது. ஒரு மாணவர் 'கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் டிடிஎஸ்' என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படிவு முக்கியமாகக் கால்சியம், மக்னீசியம் உப்புகளால், அதாவது நீரின் கடினத்தன்மையால் வருவது. சோடியம் உப்பு மிகுந்த நீரில் டிடிஎஸ் உயர்ந்திருந்தும் அப்படிப் படியாமல் இருக்கலாம். எடுத்துக்காட்டுகளை வழிகாட்டியிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

5. போஸ்டரை அமைத்தல்

பலகையின் அளவையும், நீளவாக்கா குறுக்குவாக்கா என்பதையும் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே கோப்பைத் திறங்கள். ஏ1 என்றால் 594 × 841 மில்லிமீட்டர், ஏ0 என்றால் 841 × 1,189. பவர்பாயின்ட்டில் செய்வதானால் முதல் வேலையாகப் பக்க அளவை இதற்கு மாற்றுங்கள். சாதாரண ஸ்லைடில் செய்து கடைசியில் பெரிதாக்கினால் படங்கள் மங்கிவிடும், விகிதமும் பொருந்தாது.

தலைப்பு இருக்கும் இடத்தில் முடிவு வாக்கியத்தின் சுருக்கம் வரட்டும். ஏ1 தாளில் தலைப்புக்கு 72 புள்ளிக்குக் குறையாமலும், உடல் எழுத்துக்கு 24 புள்ளிக்குக் குறையாமலும் வையுங்கள். மொத்தச் சொற்கள் 300 முதல் 400 வரை போதும். அதற்கு மேல் இருந்தால் எழுத்தைச் சிறிதாக்காமல் சொற்களை வெட்டுங்கள்.

தமிழில் போஸ்டர் செய்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். மேலே புள்ளியும் கீழே உகரக் குறிகளும் இருப்பதால் வரிகள் ஒன்றோடொன்று உரசும். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டுங்கள். இருபுறமும் நேர்செய்யும் அமைப்பைப் பயன்படுத்தாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் குறுகிய பத்தியில் ஒரு வரிக்கு மூன்று சொற்களே அமைந்து, இடையில் பெரும் பள்ளங்கள் விழும். இடப்பக்கம் மட்டும் நேர் செய்தால் போதும்.

கண்மட்டத்தில் படமும் முடிவும் இருக்கட்டும். முழங்கால் உயரத்துக்கு வரும் கடைசிப் பகுதியை யாரும் குனிந்து படிப்பதில்லை. நன்றியும் மேற்கோள் நூல்களும் அங்கே போகலாம்.

6. அச்சுக்குக் கொடுத்தல்

முதல்முறை செய்பவர்களின் உழைப்பு அதிகம் வீணாவது இந்தக் கட்டத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அச்சுக்கு முன் போஸ்டரை ஏ4 தாளில் ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி எடுங்கள். ஏ1 தாளின் நீளம் ஏ4 நீளத்தைப் போல் ஏறத்தாழ 2.83 மடங்கு. ஆகவே 24 புள்ளி எழுத்து ஏ4 தாளில் எட்டரைப் புள்ளியாகச் சுருங்கும். அந்தத் தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க முடிந்தால், பெரிய போஸ்டரை ஒன்றரை மீட்டர் தொலைவில் நின்று படிக்கலாம். எழுத்துப் பிழைகளும் திரையைவிடத் தாளில்தான் கண்ணுக்குப் படும். போஸ்டரை எழுதாத ஒருவரிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எழுத்துரு. யூனிகோடில் தட்டச்சு செய்த பவர்பாயின்ட் கோப்பை அப்படியே பென் டிரைவில் கொண்டுபோனால், கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. 'கொ' என்ற எழுத்தின் கொம்பு ஒரு பக்கமும் கால் வேறொரு பக்கமும் சிதறிக் கிடக்கும். பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தாலும் சில கடைகளில் அதைக் கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் திறந்து திருத்தக்கூடிய எழுத்தாக மாற்றுவார்கள். அங்கும் இதே கதி நேரலாம். ஒரு குழுவின் போஸ்டரில் தலைப்பு நன்றாக இருந்து, உள்ளே இருந்த பத்திகள் மட்டும் உடைந்து வந்தன. கடையில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சுருட்டி வாங்கி வந்திருந்தார்கள். கண்காட்சிக் காலையில் பிரித்தபோதுதான் தெரிந்தது.

இதைத் தவிர்க்க, எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் கோப்போடு, அதே பக்கத்தின் உயர் தெளிவுப் படக்கோப்பு ஒன்றையும் கொண்டுபோங்கள். படத்தில் எழுத்து உடைய வழியில்லை. ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி என்ற கணக்கில் ஏ1 போஸ்டருக்கு ஏறத்தாழ 3,508 × 4,967 பிக்சல் வேண்டும். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் தெளிவு குறைக்கப்பட்டுவிடும்.

திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் மையில் மங்கலாகவே வரும். வரைபடத்தில் வண்ணம் முக்கியமென்றால் அந்தப் பகுதியை மட்டும் சிறிதாக அச்சிட்டுப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் மலிவானது, ஆனால் அரங்க விளக்கு அதில் பட்டுக் கூசும், மெல்லிய எழுத்துகளின் ஓரம் கரகரப்பாக இருக்கும். பளபளப்பில்லாத தாளையே நான் பரிந்துரைக்கிறேன். கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பாவது அச்சிட்டு, கடையிலேயே முழுதாக விரித்து வரிவரியாகப் பாருங்கள்.

7. ஒத்திகை

மூன்று முறை வேண்டும், மூன்று வகையான ஆட்கள் முன். முதலில் குழுவுக்குள், கைப்பேசியில் பதிவு செய்து நேரம் பார்க்க. இரண்டாவது, வேறு துறை நண்பர் முன்; அவர் முகம் சுளிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, வழிகாட்டி முன். வழிகாட்டி முன் முதல் ஒத்திகையை வைத்தால், சொல்ல வந்தது விளங்குகிறதா என்பதை விட்டுவிட்டு நுட்பத் திருத்தங்களிலேயே நேரம் போய்விடும்.

குழுவில் நன்றாகப் பேசும் ஒருவரே எல்லாவற்றையும் சொல்வது பெரிய தவறு. அவர் சாப்பிடப் போன நேரத்தில் நடுவர் வந்தால் மற்ற இருவரும் விழிப்பார்கள். மூவரும் முழுப் பேச்சையும் தனியாகச் சொல்லக் கற்க வேண்டும். மனப்பாடம் வேண்டாம், முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் மனத்தில் இருந்தால் போதும்.

8. கேள்விகளுக்குத் தயாராதல்

உங்கள் முறையின் பலவீனம் எது என்பதை நீங்களே முதலில் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது கையடக்க டிடிஎஸ் மீட்டர். அந்தக் கருவி உப்பை எடைபோடுவதில்லை. நீரின் மின்கடத்துத்திறனை அளந்து, ஒரு மாற்றெண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. வெப்பநிலை மாறினால் மின்கடத்துத்திறனும் மாறும். வேதியியல் துறையிலிருந்து வருபவர் 'நீரை ஆவியாக்கி எடைபோட்டு ஒப்பிட்டீர்களா, அளவு முன்பே தெரிந்த தரக் கரைசலில் கருவியைச் சரிபார்த்தீர்களா?' என்று கேட்பார். செய்திருந்தால் எப்போது செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். செய்யவில்லை என்றால், 'செய்யவில்லை. ஆகவே கிணறுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதையே நம்பகமாகக் கொள்கிறோம், தனி எண்களைத் தோராயமாகவே கொள்கிறோம்' என்பது நேர்மையான, முழுமையான பதில்.

தெரியாத கேள்விக்குத் 'தெரியவில்லை, குறித்துக்கொள்கிறேன்' என்று சொல்லி, அவர் பார்க்கும்போதே நோட்டில் எழுதுங்கள். ஊகித்து ஒன்றைச் சொன்னால் அதன்மீது அடுத்த கேள்வி வரும். அதற்கும் ஊகிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் ஆய்வு தாங்காத முடிவுக்கு யாரேனும் உங்களை இழுத்துச் சென்றால் மறுத்துவிடுங்கள். 'அப்படியானால் இந்தத் தண்ணீரைக் குடித்தால் சிறுநீரகக் கல் வருமா?' என்ற கேள்வி நிச்சயம் வரும். நீங்கள் அளந்தது நீரை, உடல்நலத்தை அல்ல. அதைப் பணிவாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள்.

9. கண்காட்சி நாள்

கொண்டுபோக வேண்டியவை: இருபக்க டேப், பலகை ஊசிகள், கத்தரிக்கோல், தண்ணீர், நோட்டு, பேனா, மீதமுள்ள வரைபடங்களின் கோப்பு, போஸ்டரின் ஏ4 பிரதிகள் இருபது. கருவியைக் காட்டுவதானால் அதற்குப் புதிய மின்கலம். இணையம் இருக்கும் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். க்யூஆர் குறியீடு வைத்தாலும் அதே தகவல் ஏ4 தாளிலும் இருக்கட்டும்.

போஸ்டரை மறைக்காமல் அதன் ஓரத்தில் நில்லுங்கள். பார்வையாளர் வந்ததும் பேசத் தொடங்காதீர்கள். அவர் தலைப்பைப் படித்து முடிக்கச் சில வினாடிகள் விடுங்கள். பிறகு 'வணக்கம், நீங்கள் எந்தத் துறை?' என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கொண்டுதான் எந்தப் பேச்சை எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். கைப்பேசி பையில் இருக்கட்டும். மூவரும் தலை குனிந்து நிற்கும் போஸ்டரின் பக்கம் யாரும் வருவதில்லை.

நடுவர் பேசிக்கொண்டிருக்கும்போது வேறொருவர் வந்து நின்றால், குழுவில் ஒருவர் அவரைத் தனியாக அழைத்துச் சொல்லலாம். வந்தவரைப் பதவி பார்த்துத் தரம் பிரிக்காதீர்கள். நம் எடுத்துக்காட்டில் மூன்றாவது கிணறு ஏன் மாறவில்லை என்பதற்கான விடை, அதன் மோட்டாரைத் தினமும் போடும் ஊழியரிடம் இருக்கலாம்.

10. அன்று மாலை

போஸ்டரைக் கழற்றியதும் கலைந்து போகாமல் அரைமணி நேரம் உட்காருங்கள். யார் என்ன கேட்டார்கள் என்பதை மூவரும் நினைவிலிருந்து எழுதுங்கள். மறுநாள் பாதி மறந்துவிடும். இரண்டு பேருக்கு மேல் கேட்ட கேள்வி எதுவோ அது ஆய்வறிக்கையில் விளக்கம் போதாத இடம். இறுதிப் பிரதியைத் துறையில் ஒப்படைக்கும் முன் அங்கே ஒரு பத்தியைச் சேர்த்துவிடலாம்.

குறித்துக்கொள்கிறேன் என்று சொன்ன கேள்விகளுக்கு ஒரு வாரத்துக்குள் விடை தேடி, கேட்டவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். விடுதிக் காப்பாளருக்கு ஒரு ஏ4 பிரதியும், எந்தக் கிணற்றின் நீரை எந்த மாதங்களில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்ற அரைப்பக்கக் குறிப்பும் கொடுங்கள். அளவீடுகள் அடங்கிய கோப்பை, கருவியின் விவரத்தோடும் மாதிரி எடுத்த தேதிகளோடும் வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு இதே கிணறுகளை அளக்கப்போகும் இளையவர்களுக்கு அது தேவைப்படும்.